கார்புரேட்டர் வெப்பமானி: டர்பன் ஈரக்காற்றுக்கு உதவுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெர்ஜீனியா விமான நிலையத்தில் நிற்கும் எங்கள் பழைய செஸ்னா 150 சிறு விமானத்துக்குக் கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) வெப்பமானி ஒன்று மாட்டினோம். "இந்த வேர்வையில் ஐஸா?" என்று மாமா சிரித்தார். வெளியே 20 டிகிரி இருந்தாலும் எரிபொருள் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் 20 டிகிரிக்கு மேல்கூடக் குறையும், கடல்காற்றின் ஈரம் அப்படியே த்ராட்டில் தகட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) உறைந்துவிடும். வெப்பமானியின் முள் ஐஸ் பிடிக்கக்கூடிய மஞ்சள் பட்டைக்குள், அதாவது மைனஸ் 15-க்கும் பிளஸ் 5-க்கும் நடுவே வந்தால் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஹீட் குமிழை முழுசாக இழுத்துவிடுகிறேன். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) இறங்கி, எஞ்சின் ஒரு தரம் இருமி, அப்புறம் மெல்ல ஏறினால் ஐஸ் இருந்திருக்கிறது. ஆனால் ஈரப்பதத்தை இது காட்டாது, அதனால் தரையிறங்க த்ராட்டிலைக் குறைக்கும் முன் ஹீட் இழுக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. கருவி சரி, மாட்டிய கடைதான் மோசம்: ஒயர் இரண்டு தரம் கழன்றுவிட்டது.