ஃபெல்ட் அடியா, ரப்பர் அடியா?

அரைக்கால் சட்டையோடு ஆற்றில் இறங்கித் தூண்டில் போடுபவருக்கு ஒரே காலணி இரண்டு வேலை செய்தாக வேண்டும்: மலைப்பாதையில் நடக்க வேண்டும், நீரோட்டத்தில் வழுக்காமல் நிற்கவும் வேண்டும். அந்தக் காலணியின் அடிப்பாகத்துக்கு இரண்டு தேர்வு: ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அல்லது ரப்பர்.

பாசிப் பாறையில்
ஃபெல்ட்: இணையே இல்லை. இழைகள் கல்லின் மேடுபள்ளத்தில் அமுங்கிப் பிடித்துக்கொள்கின்றன.
ரப்பர்: ஆணி இல்லாமல் வழுக்கும். டங்ஸ்டன் கார்பைடு ஆணிகளைத் திருகிக்கொண்டால் பெரிதும் தேறிவிடும். ஆனால் காற்றடைத்த படகில் ஏற விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

நடைபாதையில்
ஃபெல்ட்: ஈரப்புல் சரிவிலும் சேற்றிலும் சறுக்கும். பனியில் நடந்தால் அடியில் கட்டி கட்டியாக ஒட்டி, குதிகால் உயர்ந்துகொண்டே போகும்.
ரப்பர்: மலையேற்றக் காலணிக்குரிய பிடிப்பு.

உழைப்பு
ஃபெல்ட்: கற்பாதையில் சீக்கிரம் தேயும். புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.
ரப்பர்: நீடிக்கும்.

காய்வது
இதுதான் முக்கியம். ஃபெல்ட் நாள்கணக்கில் ஈரம் காக்கும்; அந்த ஈரத்தில், ஆற்றடியை மூடிப் பரவும் டிடிமோ என்னும் பாசி உயிரோடிருந்து அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும். அதனால்தான் நியூசிலாந்து 2008இல் நன்னீர் மீன்பிடிப்பில் ஃபெல்ட் அடியைத் தடைசெய்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா 2018இல். ரப்பரைத் தேய்த்துக் கழுவுவது எளிது. ஆனாலும் மேல்பகுதித் துணி முழுதாகக் காய வேண்டும்.

சாலையோரத்திலேயே ஆறு, தடையும் இல்லை, பாறையெல்லாம் பாசி என்றால் ஃபெல்ட் வாங்குங்கள். மணிக்கணக்கில் நடந்து போய் மீன் பிடிப்பவருக்கு ஆணி பொருத்தக்கூடிய ரப்பர்தான். எதுவானாலும் நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) காலுறையோடு அணிந்து பார்த்து அளவெடுங்கள். உள்ளே புகும் மணல் வெறுங்காலைப் புண்ணாக்கிவிடும்.