டக்பின் பந்து: ரப்பரா, பாலியஸ்டரா? ஹூக் போட எது உதவும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டக்பின் என்கிற சின்னப் பந்து பௌலிங்கில் ஹூக் போட, அதாவது பந்து கடைசியில் வளைந்து திரும்பும்படி விட ஆசைப்பட்டுச் சொந்தப் பந்து வாங்குகிறவர் ரப்பர் பந்தை வாங்கலாம், அதுவும் கைக்கு அடங்குகிற சின்ன அளவில், ஒன்றல்ல, இரண்டாக. கலர் கலராகப் பளபளக்கும் பாலியஸ்டர் பந்து நேராக விடுகிறவர்களுக்கு நல்ல பந்துதான். ஹூக்குக்கு மட்டும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

பெரிய பந்தால் ஆடும் வழக்கமான பௌலிங்கான டென்பின் மட்டுமே தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. டக்பின், அமெரிக்காவில் பால்டிமோரைச் சுற்றியும் கனெக்டிகட், ரோட் ஐலண்ட் பக்கமும் வேர் பிடித்த ஆட்டம். லேன், அதாவது பந்து உருளும் பாதை, அதே 60 அடிதான், ஆனால் வீழ்த்த வேண்டிய பின்கள் குட்டையானவை, 24 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. பந்தின் குறுக்களவு 4¾ முதல் 5 அங்குலம், எடை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதிகபட்சம் 1.7 கிலோ. விரல் விட ஓட்டை கிடையாது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முறைக்கு, மூன்று பந்து, மூன்றாவதில் எல்லாம் விழுந்தால் பத்துப் புள்ளி, போனஸ் இல்லை. மூன்று பந்து என்றதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். அதிகாரபூர்வ ஆட்டத்தில் இதுவரை ஒருவர்கூட முழுப் புள்ளியான 300 எடுத்ததில்லை, 1992-இல் கனெக்டிகட்டில் பீட் சிக்னோர் எடுத்த 279 தான் உச்சம்.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்று புரிந்தால்தான் பந்து தேர்வும் புரியும். பின்களுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 12 அங்குலம், டென்பின்னில் இருப்பது போலவே. ஆனால் டக்பின் ஒல்லி, பந்தோ அதைவிடப் பெரிய வித்தியாசத்தில் சின்னது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பின்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் சந்து இருக்கிறது, 12.7 சென்டிமீட்டர் பந்து எதையும் தொடாமல் அதில் புகுந்து போய்விடும். டென்பின் பந்தால் அது முடியவே முடியாது. நன்றாகத்தான் விட்டோம், முன்னால் நிற்கும் தலைப்பின்னைப் பிடித்தோம், ஆனாலும் நடுவில் ஒரு சந்து மட்டும் விழுந்து இரண்டு பக்கமும் பின்கள் அப்படியே நிற்கிற கொடுமையை இந்த ஆட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம். இன்னொன்று, பந்துக்கும் பின்னுக்கும் எடை வித்தியாசம் குறைவு. டென்பின்னில் கனமான பந்து பின்னின் எடையைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கும், இங்கே சுமார் இரண்டரை மடங்குதான். அதனால் தலைப்பின்னில் மோதியதும் பந்து சட்டென்று ஒதுங்கிவிடும், வலது கைக்காரர் விட்ட நேர்ப்பந்து வலப்பக்கம் விலகி நடுவில் இருக்கும் ஐந்தாம் பின்னை விட்டுவிடும்.

ஹூக் உதவுவது இங்கேதான். வலப்பக்கமிருந்து வந்து கடைசியில் இடப்பக்கம் திரும்புகிற பந்து, மோதின பிறகும் உள்ளே போகப் பார்க்கும், ஒதுங்குவது குறையும்.

சரி, பந்துக்கு வருவோம். எடையைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், எனக்கு அது இரண்டாம் பட்சம். இருக்கிற வித்தியாசமே இருநூறு கிராம் அளவுதான், தோள் தாங்கினால் கனமானதை எடுங்கள், அவ்வளவே. அளவுதான் முக்கியம். கால் அங்குலம் ஒரு பெரிய விஷயமா என்று கடையில் தோன்றும், கையில் பிடித்தால் தெரியும். 5 அங்குலப் பந்தில் என் விரல்கள் பாதி சுற்றளவைத் தாண்டுவதில்லை, அதனால் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கை இறுகுகிறது, இறுகின கையால் பந்தைச் சுழற்ற முடியாது. 4¾ அங்குலத்தில் விரல் நுனிகள் பந்தின் பக்கவாட்டைத் தாண்டிப் பிடிக்கின்றன. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: பந்தை எடுத்துக் கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டாமல் உடம்புப் பக்கம் வைத்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இறுக்காமலே பந்து தங்கினால் அது உங்கள் பந்து.

அடுத்தது மேல்பரப்பு. டென்பின்காரர்கள் பேசுகிற, பந்துக்குள்ளே வைக்கிற உள்கரு சமாச்சாரம் எதுவும் இங்கே கிடையாது, பந்து திரும்புவதற்கு லேன் மேல் உண்டாகிற உராய்வும் நம் கை கொடுக்கிற சுழற்சியும்தான் கதி. வழவழ பாலியஸ்டர், லேனின் எண்ணெய் பூசிய முன்பகுதியில் சறுக்கி, எண்ணெய் இல்லாத பின்பகுதியிலும் கொஞ்சம் சறுக்கி, திரும்பலாமா என்று யோசிப்பதற்குள் பின்னுக்குப் போய்விடுகிறது. கை வியர்த்தால் பிடியும் போச்சு. நான் இப்போது ஆடுகிற பழைய ரப்பர் ஜோடி பார்க்க அழுக்காக, கீறலோடு இருக்கிறது, ஆனால் கையிலும் பிடிக்கிறது, லேனிலும் பிடிக்கிறது. குறை என்றால், எண்ணெய் காய்ந்துபோன லேனில் அது அளவுக்கு மீறித் திரும்பும், அப்போது நிற்கிற இடத்தை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ள வேண்டும்.

ஹூக் கற்க ஆரம்பிக்கிறவர்கள் மணிக்கட்டைத் திருகுவார்கள், அது வேண்டாம். திருகினால் கை பந்தின் மேல் ஏறி, பந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டே நேராகப் போகும், முழங்கையும் வலிக்கும். பந்தை உள்ளங்கைக் குழியில் அமுக்காமல் விரல்களில் ஏந்துங்கள். கை முன்னே வரும்போது பந்துக்குப் பின்னால் இருந்து, கணுக்காலைத் தாண்டும் இடத்தில் கட்டைவிரல் முதலில் விடுபட வேண்டும், பிறகு மற்ற விரல்கள் பந்தின் வெளிப்பக்கத்தை மேல்நோக்கி வருடிவிட வேண்டும், கை நின்றால் கைகுலுக்க நீட்டின நிலையில் நிற்கும். அவ்வளவுதான் ஹூக். வேகத்தைக் குறைப்பதுதான் பலருக்குக் கசக்கிறது, பந்து லேசாக இருப்பதால் விளாசத் தோன்றும், வேகமாகப் போன பந்துக்குத் திரும்ப நேரமே கிடைக்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: ஹூக் முதல் பந்துக்கு மட்டும். மூலையில் ஒற்றைப் பின் நிற்கும்போது அதை வளைத்துப் பிடிக்கப் பார்ப்பது வீண் வேடிக்கை. இரண்டாவது, மூன்றாவது பந்தை நேராக விடுங்கள், இரண்டு பந்து வாங்கச் சொன்னதும் இதற்காகத்தான். ஒரே அளவுள்ள ஜோடியாக இருந்தால் பந்து திரும்பி வரக் காத்திருக்காமல், கைப்பழக்கம் மாறாமல் அடுத்ததை விடலாம். ஒன்று ரப்பர், ஒன்று பாலியஸ்டர் என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, மோசமில்லை.

புதிதாகவே வாங்க வேண்டும் என்று இல்லை. டக்பின் லேன்கள் குறைந்துகொண்டே வருகின்றன, 1950களில் கென் ஷெர்மன் உருவாக்கிய பின் அடுக்கும் எந்திரத்துக்கு உதிரிபாகம் கிடைப்பதே திண்டாட்டம், மூடின இடத்திலிருந்து கழற்றி வந்து ஓட்டுகிறார்கள். அப்படி மூடுகிற இடங்களில் பந்துகளும் விலைக்கு வரும். வெடிப்பு இருக்கிறதா, ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று சமதளத்தில் மெதுவாக உருட்டிப் பார்த்து வாங்குங்கள், லீக்கில் ஆடுவதாக இருந்தால் எடையையும் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.