சிசிஐஇ லேப்புக்கு எதுல பிராக்டிஸ் பண்றது: பழைய ராக்கா, ஜிஎன்எஸ்3யா, ஈவ்-என்ஜியா, சிஎம்எல்லா?

சிஸ்கோவோட எழுத்துத் தேர்வு என்கோர் பாஸ் பண்ணியாச்சு, அடுத்து அவங்களோட உச்ச நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்டான சிசிஐஇ என்டர்பிரைஸோட லேப் எக்ஸாம், எதுல உக்காந்து பிராக்டிஸ் பண்றதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் ராக் வாங்குன்னுவாரு, இன்னொருத்தர் லேப்டாப் போதும்ன்னுவாரு, மூணாவது ஆளு சத்தமில்லாம திருட்டு சாஃப்ட்வேர் இருக்கிற ஒரு டிரைவ் லிங்க் அனுப்பி வெப்பாரு. நிஜ ரவுட்டர், ஸ்விட்ச் அடுக்குன பழைய ராக், அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓட்டுற ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோவோட சொந்த சிஎம்எல், இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். எட்டு மணி நேர எக்ஸாம், ஒரு அட்டெம்ப்ட் ஃபீஸே லட்சத்தைத் தாண்டுது, அதுக்கு மேல சென்னையிலேர்ந்து போறவங்களுக்கு பெங்களூர் டிக்கெட், ரூம் எல்லாம் இருக்கு, அதனால பிராக்டிஸ் பண்ற இடத்துல தப்பா காசு போட்டா அப்புறம் எக்ஸாமுக்குன்னு எடுத்து வெச்சதுலதான் கை வைக்கணும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். எட்டு மணி நேரத்துல முதல் மூணு மணி நேரம் டிசைன் மாட்யூல், அதுல டிவைஸே கிடையாது, டாக்குமென்ட், மெயில், டயக்ராம் படிச்சு பதில் சொல்லணும், அடுத்த கேள்விக்குப் போயிட்டா திரும்பி வர முடியாது. அதுக்கு எந்த லேப் செட்டப்பும் உதவாது. நாம இங்க பேசுறது மீதி அஞ்சு மணி நேரத்துக்கு மட்டும்.

முதல்ல பழைய ராக். ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடுனா பழைய 2811 ரவுட்டர், 3560 ஸ்விட்ச் எல்லாம் சல்லிசா சிக்கும், கேபிள் சொருகி கன்சோல்ல உக்காந்தா ஒரு கெத்து இருக்குங்கறது உண்மைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ராக் பொருந்துனது வேற காலத்து எக்ஸாமுக்கு. 2014ல ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங் வெர்ஷன் 5 வந்தப்பவே சிஸ்கோ லேப்பை வெர்ச்சுவலா மாத்திட்டாங்க, 2020 பிப்ரவரியில என்டர்பிரைஸ்னு பேர் மாறி எஸ்டி-வான் (கிளைகளை இணைக்கிற நெட்வொர்க்கை ஒரே இடத்துலேர்ந்து நடத்துறது), எஸ்டி-ஆக்சஸ் (ஆஃபீஸ் உள் நெட்வொர்க்குக்கு அதே மாதிரி), ஆட்டோமேஷன் எல்லாம் உள்ள வந்துடுச்சு. 2811ல ரெஸ்ட்கான்ஃப், அதாவது ப்ரோக்ராம் வழியா டிவைஸை கான்ஃபிகர் பண்ற வசதி, எங்க ஓடும்? கரண்ட் பில்லு, சத்தம், மே மாசத்துல அந்த ரூமோட சூடு, இதையும் சேத்துக்கோங்க. ஆரம்ப கட்ட சிசிஎன்ஏ படிக்கிற பையனுக்கு ஒரு ஸ்விட்ச் வாங்கிக் குடுங்க, தொட்டுப் பாக்கட்டும். சிசிஐஇக்கு வேண்டாம்.

ஜிஎன்எஸ்3 மேல நிறைய பேருக்குப் பாசம் உண்டு, ஏன்னா அவங்கவங்க முதல் ஓஎஸ்பிஎஃப் நெய்பர் (ரெண்டு ரவுட்டர் ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சு ரூட் பேசிக்கிறது) வந்தது அதுலதான். டைனமிப்ஸ்ங்கற பழைய எமுலேட்டர் மேல 3745, 7200 ரவுட்டர் ஓட்டி, சிபியு சுமையைக் குறைக்கிற ஐடில்-பிசி வேல்யூ தேடி, அது சரியா கிடைக்கலேன்னா சிபியு நூறு பர்சென்ட்ல நின்னு லேப்டாப் ஃபேன் அலறுறதைக் கேட்டு வளந்த தலைமுறை. இப்ப அது எவ்வளவோ மாறிடுச்சு, ஜிஎன்எஸ்3 விஎம் (வெர்ச்சுவல் மெஷின்) வெச்சு க்யுஇமு இமேஜ் (வெர்ச்சுவல் டிவைஸா ஓடுற சாஃப்ட்வேர் ஃபைல்), டாக்கர் எல்லாமே ஃப்ரீயா ஓட்டலாம். அதாவது டைனமிப்ஸை மறந்துட்டா ஜிஎன்எஸ்3 இன்னும் நல்ல சாய்ஸ்தான். டைனமிப்ஸ்லயே நின்னா ஸ்விட்சிங் பக்கம் அடி வாங்கும், அந்த 16 போர்ட் ஈதர்ஸ்விட்ச் மாட்யூல் நிஜ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் மாதிரி நடந்துக்காது. என்னோட குறை வேற, கிளையன்ட் ஒரு வெர்ஷன், விஎம் ஒரு வெர்ஷன்னு ஆயிட்டா கனெக்டே ஆகாது, உக்காந்து படிக்கலாம்னு வந்த ராத்திரி அப்டேட் பண்றதுலயே போயிடும்.

நிஜமான போட்டி ஈவ்-என்ஜிக்கும் சிஎம்எல்லுக்கும்தான்.

ஈவ் கம்யூனிட்டி எடிஷன் ஃப்ரீ, பிரவுசர்லயே எல்லாம், ஒரு லேப்ல 63 நோட் (டிவைஸ்) வரைக்கும், சிசிஐஇ டோபாலஜிக்கு (டிவைஸ்களை இணைக்கிற வரைபடத்துக்கு) அது தாராளம். சிஸ்கோ மட்டும் இல்லாம ஜூனிபர், ஃபோர்ட்டிநெட், பாலோ ஆல்டோன்னு எதை வேணா ஒரே கேன்வாஸ்ல போடலாம், ஆஃபீஸ்ல மல்டி வெண்டார்ல வேலை பாக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம். மாட்டிக்கிற இடம் இமேஜ். ஈவ் உங்களுக்குக் குடுக்கிறது காலி சட்டிதான், அரிசி நீங்க கொண்டு வரணும், சிஸ்கோ இமேஜ் லீகலா எடுக்கணும்னா காண்ட்ராக்ட் இருக்கணும் இல்லேன்னா சிஎம்எல் வாங்கணும். டிரைவ் லிங்க்ல வர்ற இமேஜ் எங்கேர்ந்து வந்துச்சு, உள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது, அதை ஆஃபீஸ் சர்வர்ல ஏத்தி மாட்டிக்கிட்டா சர்டிஃபிகேட்டுக்கு முன்னாடி வேலை போயிடும். கம்யூனிட்டில இன்னொரு தொல்லை, நோட் ஓடிட்டு இருக்கும்போது புது லிங்க் இழுக்க முடியாது, நிறுத்திட்டு இழுக்கணும், ஓடும்போதே இழுக்கிற வசதி புரோ எடிஷன்லதான் உண்டு.

சிஎம்எல் பர்சனல் வருஷத்துக்கு 199 டாலர், 20 நோட். 40 நோட் வேணும்னா பர்சனல் பிளஸ், 349 டாலர். அஞ்சு நோட் ஃப்ரீ எடிஷனும் இருக்கு, ஒரே ஒரு டாபிக்கை, கிளைகளுக்கு நடுவுல டனல் போடுற டிஎம்விபிஎன்னு வெச்சுக்கோங்க, போட்டுப் பாக்க அது போதும். காசு குடுத்து வாங்குற முக்கியமான விஷயம் இமேஜ்தான், வெர்ச்சுவல் ரவுட்டர், ஸ்விட்ச்சா ஓடுற ஐஓஎஸ்வி, ஐஓஎல், கேட்8000வி, நெக்ஸஸ் 9000வி எல்லாம் சிஸ்கோவே லைசென்ஸோட குடுக்கிறாங்க, இன்ஸ்டால் பண்ணி அன்னைக்கே லேப் போட ஆரம்பிக்கலாம். இதுல ஐஓஎல்லை தனியா சொல்லணும், ரொம்ப காலம் சிஸ்கோ உள்ளாட்கள் மட்டும் வெச்சிருந்த சமாச்சாரம், வெளிய எல்லாரும் திருட்டுத்தனமா ஓட்டிட்டு இருந்தாங்க, இப்ப சிஎம்எல்லோட நேர் வழியிலயே வருது, ரேம் கொஞ்சமாத்தான் எடுக்கும், சில செகண்ட்ல பூட் ஆகும். பிஜிபி, ஓஎஸ்பிஎஃப், எம்பிஎல்எஸ்னு கோர் டாபிக் எல்லாத்துக்கும் அது போதும். ஒரு கான்ஃபிகை உடைச்சு, வைப் பண்ணி, மறுபடி மொதல்லேர்ந்து போடுறதுதான் இந்த எக்ஸாமோட பிராக்டிஸே, அதுல ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் பூட்டுக்காக மொபைலை நோண்டிட்டு உக்காந்தா ராத்திரி பத்து மணிக்கு மேல நேரம் ஒதுக்குற ஆளுக்கு என்ன மிஞ்சும்? 20 நோட் லிமிட் முதல்ல உறுத்தும், ஆனா டாபிக் டாபிக்கா பிரிச்சுப் போட்டா பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிடும்.

எதை எடுத்தாலும் ரேம் கேள்வி வரும். ஐஓஎஸ்வி அரை ஜிபில முடிஞ்சிடும், ஆனா அதுல ரெஸ்ட்கான்ஃப் கிடையாது, ஆட்டோமேஷன் பக்கம் வந்தா சிஸ்கோவோட புது ஓஎஸ் ஐஓஎஸ்-எக்ஸ்இ வேணும், அப்ப கேட்8000வி ஒண்ணுக்கு நாலு ஜிபி. பத்து போட்டா நாப்பது. எஸ்டி-வான் மேனேஜருக்கு லேப்ல கூட 16 ஜிபி குடுத்தாத்தான் உருப்படியா எழுந்திருக்கும், அதோட கூட ஓட வேண்டிய வேலிடேட்டர், கன்ட்ரோலர், எட்ஜ்னு சேத்தா 64 ஜிபி மெஷின் திணறும். அதனால 32 ஜிபி லேப்டாப்புல முழு டோபாலஜி போடலாம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. செகண்ட் ஹேண்ட் வொர்க்ஸ்டேஷன் ஒண்ணு வாங்கி 128 ஜிபி போட்டுட்டா நிம்மதி, ராக் சர்வரை விட சத்தமும் கம்மி. ஆப்பிள் எம் சீரிஸ் மேக் வெச்சிருக்கவங்க அதுல முயற்சி பண்ணவே வேண்டாம், இந்த இமேஜ் எல்லாம் எக்ஸ்86, மேக்கை வெறும் பிரவுசரா வெச்சுக்கிட்டு லேப்பை வேற மெஷின்ல ஓட்டுங்க. விண்டோஸ்ல விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இப்ப ஃப்ரீதான், விண்டோஸோட சொந்த ஹைப்பர்-வி ஆன்ல இருந்தா மட்டும் உள்ள நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (விஎம்முக்குள்ள விஎம்) மக்கர் பண்ணும், அதை முதல்ல ஆஃப் பண்ணிடுங்க.

எஸ்டி-ஆக்சஸ் வந்தா இந்தக் கணக்கு எல்லாம் போச்சு. எஸ்டி-ஆக்சஸை நடத்துற கேட்டலிஸ்ட் சென்டரை விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ மேல விஎம்மா ஓட்டவே 256 ஜிபி ரேம், 32 விசிபியு கேக்குது. வீட்ல இதைக் கட்டணும்னு நினைக்கிறவங்க படிக்கிறதை விட்டுட்டு டேட்டா சென்டர் நடத்தப் போறாங்கன்னு அர்த்தம். இதுக்கு மட்டும் ஆன்லைன்ல ராக் ரென்ட் எடுக்கிறது சரி. மெனு எங்க இருக்கு, ஏபிஐ என்ன குடுக்குதுன்னு பாக்க சிஸ்கோவோட ஆன்லைன் பயிற்சி லேப், டெவ்நெட் சாண்ட்பாக்ஸே போதும், அது ஃப்ரீ, ரென்ட் மீட்டர் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அங்க கை பழகிக்கிட்டு அப்புறம் போங்க. வாடகை ராக்ல உக்காந்து ஓஎஸ்பிஎஃப் நெய்பர் ஏன் வரலைன்னு யோசிக்கிறது காசை ஆத்துல போடுறது.

என்னைக் கேட்டா, ஃபுல் டைம் வேலை பாத்துக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி நேரம் கிடைக்கிறவங்க யோசிக்காம சிஎம்எல் வாங்கிடுங்க, 199 டாலர் எக்ஸாம் ஃபீஸ் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. ஆஃபீஸ்ல சிஸ்கோ காண்ட்ராக்ட் இருந்து இமேஜ் முறையா கிடைக்குது, ஃபயர்வால் வெண்டார் ரெண்டு மூணு கூட ஓட்டணும்னா ஈவ். ஜிஎன்எஸ்3ல ஏற்கனவே கை பழகிட்டவங்க மாற வேண்டிய அவசியம் இல்ல, மாத்துறேன்னு ஒரு மாசம் போக்காதீங்க. இன்ஸ்டால், அப்கிரேட், ஐகான் கலர், டோபாலஜி அழகா இருக்கணும்னு கோடு நேராக்குறதுன்னு இதுலயே ஊறிப் போன ஆளுங்க நிறைய, சர்வர் மட்டும் ஜொலிக்கும், விஆர்எஃப் லீக்கிங் (தனித்தனி ரவுட்டிங் டேபிளுக்கு நடுவுல ரூட் கடத்துறது) போடச் சொன்னா முழிப்பாங்க.

எக்ஸாமுக்கு முன்னாடி கடைசி சில வாரம் மட்டும் செட்டப்பைக் கொஞ்சம் கஷ்டப்படுத்திக்கோங்க. உங்களோட சேவ் பண்ண ஸ்னிப்பெட், ரெண்டு மானிட்டர், பழகின டெர்மினல் ஆப், பக்கத்து டேப்ல கூகுள், எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு, ஒரே ஸ்கிரீன், ஒரு நோட்பேட், சிஸ்கோ டாக்குமென்டேஷன் சைட்டு மட்டும் வெச்சு அஞ்சு மணி நேரம் எழுந்திருக்காம போட்டுப் பாருங்க. டோபாலஜியை நீங்களே கட்டாதீங்க, கூட படிக்கிற யாரையாவது பத்து பன்னெண்டு இடத்துல உடைச்சு வெச்ச லேப் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, நீங்களும் அவருக்கு ஒண்ணு உடைச்சுக் குடுங்க, சிஎம்எல்லோ ஈவோ ரெண்டு பேரும் ஒரே டூல்ல இருந்தா ஃபைல் அப்படியே ஓடும்.