நாலு மாட்யூலை எதில் போடுவது: பிரெஞ்சா, ஸ்பானியமா, அரபா?

ஆங்கிலமும் தமிழும் கையில் இருக்கின்றன, பல்கலைக்கழகத்தில் இன்னொரு மொழியையும் பிடித்துவிடலாமே என்று நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிங்கப்பூரில் நிறையப் பேர் உண்டு. விருப்பப் பாடத்துக்கென்று சில இடங்கள் காலியாக இருக்கும். கொரியமும் ஜப்பானியமும் எடுக்கிறவர்கள் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. அவர்கள் பார்த்த தொடர்களே முடிவு செய்துவிட்டன. யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மொழிக் கல்வி நிலையத்தில் 13 மொழிகள் கற்றுத் தருகிறார்கள். தமிழும் அதில் உண்டு, இந்த மூன்றும் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மூன்றும் கிடைக்கும், கூடவே இத்தாலியமும். ஆனால் இங்கே இவை பெரும்பாலும் விருப்பப் பாடமாகவோ துணைப் பாடமாகவோதான் கிடைக்கும். பொறியியலோ கணக்கியலோ படித்துக்கொண்டே பக்கத்தில் செய்கிற வேலை இது. அதனால் 'எந்த மொழி சிறந்தது' என்று கேட்பதைவிட, கையில் இருக்கும் நேரத்தில் எந்த மொழி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பது பயன்படும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாலு யூனிட் மாட்யூல் (ஒரு பருவப் பாடம்) என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து வாரத்துக்கு 10 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 13 வாரம். ஆக, ஒரு மாட்யூலுக்கு 130 மணி நேரம். நாலு மாட்யூல் ஒதுக்க முடிந்தால் 520 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும்போது ஸ்பானியம், பிரெஞ்சு போன்றவற்றுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வைக்கிறது. அரபுக்கு 2200. வேலை பார்க்கும் அளவுக்கு மொழி கைவர வேண்டும் என்பது அவர்கள் இலக்கு, வீட்டுப் படிப்பு அதற்கு மேல் தனி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கான கணக்குதான் இது. ஆனாலும் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் ஓரளவு பொருந்தும்.

அதாவது, அதே 520 மணி நேரத்தில் ஸ்பானியத்தில் நல்ல உரையாடல் வரை போய்விடலாம். அரபில் கால்வாசித் தூரம்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். மற்ற எல்லாவற்றையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

லத்தீனிலிருந்து பிறந்த ரோமானிய மொழிகளான பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் இவற்றுக்குள் முதலில் ஒரு சண்டை இருக்கிறது. தமிழ் பேசுகிறவருக்கு ஸ்பானியம் பிரெஞ்சைவிடச் சுலபமாகப் படியும் என்பது என் கருத்து. 'பேசுகிறேன்' என்று நாம் சொல்லும்போது 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் கடைசியிலேயே ஆள் யார் என்பது வந்துவிடுகிறது. ஸ்பானியமும் இத்தாலியமும் அப்படியே. பிரெஞ்சிலும் எழுத்தில் விகுதிகள் இருக்கின்றன, ஆனால் பாதி ஒலிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பானியத்தை எழுதியபடியே வாசிக்கலாம். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்துகள் பார்வைக்கு மட்டும். மூக்கொலி உயிர்கள் வேறு இருக்கின்றன, நாக்கு அதற்கு வளைவதற்கே ஒரு பருவம் போய்விடும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்கிற தொல்லை இரண்டிலும் ஒன்றுதான். பொருளுக்குப் பால் பார்க்காத திணைப் பகுப்பில் வளர்ந்த நமக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் சிங்கப்பூர் என்று வரும்போது தராசு பிரெஞ்சுப் பக்கம் சாய்கிறது. மாட்யூல் முடிந்த பிறகு எங்கே தொடர்வது? சார்க்கீஸ் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, 1949லிருந்து இந்த ஊரில் இயங்குகிறது. வகுப்பு, நூலகம், திரைப்படம் எல்லாம் அங்கே கிடைக்கும். பிரெஞ்சு நிறுவனங்களும் பிரெஞ்சுக் குடும்பங்களும் இங்கே கணிசம். பாண்டிச்சேரிப் பக்கம் உறவு உள்ள தமிழ்க் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பது அபூர்வம் இல்லை. அவர்களோடு பேசிப் பழகுவதே ஒரு தனி வகுப்பு. உயர்நிலைப்பள்ளியில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தவர்களும் நிறைய. கல்வி அமைச்சின் மொழி நிலையம் 1978ல் தொடங்கியது, ஸ்பானியம் அங்கே நுழைந்தது 2014ல்தான். அப்படி ஏற்கெனவே பிரெஞ்சு படித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் புது மொழிக்குத் தாவுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. நாலு வருடப் படிப்பின் மேல் இன்னும் நாலு மாட்யூல் ஏற்றினால் அது உண்மையிலேயே ஒரு மொழியாகும். அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் இரண்டும் அரைகுறை.

வர்த்தகம் என்கிற காரணத்தைச் சொல்லி ஸ்பானியம் எடுப்பவர்களும் உண்டு. அதில் விஷயம் இல்லாமல் இல்லை. பெருவுடனும் கோஸ்டா ரிக்காவுடனும் சிங்கப்பூருக்குத் தடையற்ற வர்த்தக உடன்பாடு இருக்கிறது. சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய நாலும் சேர்ந்த பசிபிக் கூட்டணியோடு 2022ல் கையெழுத்தானது. பிரேசில், அர்ஜென்டினா உள்ளிட்ட மெர்கோசூர் கூட்டமைப்பு நாடுகளோடு 2023 டிசம்பரில். ஆனால் உடன்பாடு இருப்பதும் அந்த மொழி தெரிந்த ஆளைத் தேடி நிறுவனம் அலைவதும் வேறு வேறு. மொழியை மட்டும் நம்பி வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கப்பல் போக்குவரத்தோ பண்ட வணிகமோ கையில் இருந்து, அதன்மேல் ஸ்பானியமும் இருந்தால் மதிப்பு கூடும்.

இத்தாலியத்தைப் பற்றி இரண்டு வரி போதும். இசை, கட்டடக்கலை, வடிவமைப்பு படிப்பவர்களுக்குச் சரி. மற்றவர்கள் ஆசைக்குப் படிக்கலாம், அதில் தப்பில்லை.

இப்போது அரபு. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவது தப்பான காரணத்துக்காக. பயம் எழுத்தின் மேல்தான். வலமிருந்து இடமாக எழுதுவது, சொல்லில் எங்கே வருகிறதோ அதற்கேற்ப உருவம் மாறும் 28 எழுத்துகள். 247 எழுத்தை ஆறு வயதில் எழுதிப் பழகிய கூட்டம் 28க்கு மிரளலாமா? அது சில வார வேலை. உண்மையான கஷ்டம் அதற்குப் பின்னால் காத்திருக்கிறது. குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை, அதனால் சொல்லை முன்பே அறிந்திருந்தால்தான் சரியாக வாசிக்க முடியும். மூன்று மெய்களாலான வேரைக் கண்டுபிடித்தால்தான் பெரும்பாலான அகராதிகளைப் புரட்ட முடியும். ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. பன்மையோ பல சொற்களுக்கு உள்ளிருந்தே உடைந்து வரும். ஒவ்வொன்றையும் ஒருமையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஆனால் அரபு படிக்கும் எல்லா வெளிநாட்டு மாணவர்களும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இன்னொன்று. வகுப்பில் சொல்லித் தருவது ஃபுஸ்ஹா என்கிற செவ்வரபு. செய்தி வாசிப்பார்கள், நூல் எழுதுவார்கள், மேடையில் பேசுவார்கள்; வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. கெய்ரோவில் ஒன்று, பெய்ரூட்டில் ஒன்று, காசாபிளாங்காவில் இன்னொன்று என்று பேச்சு வழக்குகள் தனி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றும். நமக்கு? பாடநூலில் 'சென்றுகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு வீட்டில் 'போய்ட்டிருக்காங்க' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வகுப்பறையில் எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற வாதம் இந்த ஊரிலேயே நடந்து, 2005ல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு தரமான பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. ஒரே மொழிக்குள் இரண்டு சட்டை மாற்றிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: அரபில் மனிதரல்லாத பன்மைக்கு ஒருமைப் பெண்பால் வினை வரும். இலக்கண நூலில் இதைப் படிக்கும் ஆங்கிலேயர் தலையைச் சொறிவார். திணை தெரிந்து, 'மாடுகள் வந்தது' என்று பேச்சில் சாதாரணமாகச் சொல்லும் நமக்கு அது சட்டென்று பிடிபடும்.

இதை வைத்து அரபு சுலபம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மதுரைப் பேச்சுக்கும் தஞ்சாவூர்ப் பேச்சுக்கும் உள்ள தூரம் இல்லை அது. மொராக்கோப் பேச்சு வளைகுடாக்காரருக்கே எளிதில் புரியாது. எகிப்திய வழக்கு திரைப்படங்களால் எங்கும் பரவியிருப்பதால் பலரும் அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். எப்படியானாலும் செவ்வரபுக்கு மேல் ஒரு வழக்கைக் கற்பது இன்னொரு வேலை, அந்த 520 மணி நேரத்தில் அது அடங்காது.

குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட நம் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு வேறு. எழுத்தும் தொண்டையிலிருந்து வரும் ஒலிகளும் ஏற்கெனவே கைவசம். அரபு எழுத்தில் தமிழையே எழுதிய சமூகத்தின் வாரிசுகள் அவர்கள். ஆனால் ஓதத் தெரிவதும் பொருள் தெரிவதும் ஒன்றல்ல. முதல் சில வாரம் எல்லாம் தெரிந்தது போல இருக்கும், அந்தத் தைரியத்தில் சொற்களை விட்டுவிட்டு நடுப்பருவத் தேர்வில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், சமய நூல்களைப் படிப்பதுதான் நோக்கம் என்றால் வட்டார வழக்கு என்கிற சுமையே கிடையாது. அவர்களுக்கு நான் தயங்காமல் அரபு என்றுதான் சொல்வேன்.

அரபு பேசிப் பழக இடம்? அரபு ஸ்திரீட்டில் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். துணிக்கடையும் கம்பளக் கடையும் துருக்கி உணவகமும் இருக்கும், வேலை எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும். யேமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அல்சகோஃப், அல்ஜுனீட் போன்ற குடும்பங்களின் பெயர் தெருக்களிலும் மதரசாக்களிலும் நிலைத்துவிட்டது (மதரசா அல்சகோஃப் 1912, அல்ஜுனீட் 1927), வீட்டு மொழி பெரும்பாலும் மாறிவிட்டது. மலாய் தெரிந்தவர்களுக்கு அரபுச் சொற்கள் ஆங்காங்கே தலைகாட்டும், அது ஒரு சின்ன லாபம். வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தோடு சிங்கப்பூர் 2008ல் வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டது உண்மை. ஆனால் துபாய் அலுவலகங்கள் ஆங்கிலத்தில்தான் ஓடுகின்றன. தெருவில் இறங்கினால் தமிழும் மலையாளமும் இந்தியுமே போதும்!

சான்றிதழ் விஷயத்தில் ரோமானிய மொழிகளுக்குத் தெளிவான முன்னிலை. பிரெஞ்சுக்கு டெல்ஃப், அதற்கு மேல் டால்ஃப், ஸ்பானியத்துக்கு டெலே. நிலையும் தெரியும், உலகம் முழுக்க ஏற்றுக்கொள்கிறார்கள். அரபுக்கு அந்த அளவுக்குப் பெயர் பரவிய ஒரே தேர்வு என்று எதுவும் இல்லை. வேலைக்கு மனுப் போடும்போது உங்கள் அரபு எவ்வளவு என்பதை நீங்களே விளக்க வேண்டியிருக்கும்.

ஓர் ஐரோப்பிய மொழியையும் அரபையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கே நாலு மாட்யூல் போதாது. அதற்கென்றே பட்டம் வேண்டும் என்றால் வெளிநாடுதான். ஆக்ஸ்ஃபர்டில் ஓர் ஐரோப்பிய மொழியையும் அரபு போன்ற ஒரு மத்திய கிழக்கு மொழியையும் இணைத்து நாலு வருடப் பட்டம் இருக்கிறது. கேம்பிரிட்ஜிலும் பிரெஞ்சோடோ ஸ்பானியத்தோடோ அரபைச் சேர்க்க வழி உண்டு. படிப்பின் நடுவே ஒரு வருடம் அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்க வேண்டும், அதுதான் இந்தப் பட்டங்களின் உயிர். பிரெஞ்சும் அரபும் சேர்ந்தால் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா மூன்றும் திறக்கும். ஸ்பானியமும் அரபும் என்றால், 711லிருந்து 1492 வரை ஐபீரியாவில் முஸ்லிம் அரசுகள் இருந்த வரலாற்றுக்குள் நேராக நுழையலாம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெற்றோருக்குத் தலைசுற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளூரிலேயே படிப்பவர், எதுவும் தெரியாமல் தொடங்குபவர், மூன்று நாலு மாட்யூலுக்கு மேல் முடியாது என்பவர்: ஸ்பானியம் எடுங்கள். பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவர் பிரெஞ்சை விடாதீர்கள். அரபு எடுப்பவர் பட்டத்துக்குப் பிறகும் சில வருடம் தொடர்வேன் என்று உறுதியாக இருந்தால் மட்டும் எடுங்கள். ஒரே பருவத்தில் பிரெஞ்சையும் ஸ்பானியத்தையும் சேர்த்துத் தொடங்காதீர்கள், இரண்டும் வாயில் கலந்து குழம்பிவிடும்.

பதிவு செய்வதற்கு முன், நீங்கள் எடுக்கப்போகும் மொழியில் எத்தனை நிலை வரை வகுப்பு நடக்கிறது, அடுத்த நிலை ஒவ்வொரு பருவமும் உண்டா என்பதைத் துறையிலேயே கேளுங்கள். நேர அட்டவணை மோதி நடுவில் நின்றுபோனவர்கள் நிறைய. ஏற்கெனவே படித்திருந்தால் நிலைத்தேர்வு எழுதி நேராக மேல்நிலைக்குப் போய்விடுங்கள். சுலப மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு முதல் நிலையில் உட்கார்வது ஒரு மாட்யூலை வீணாக்குவது. தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் திறக்கும் வரை இடைவெளி கிடைக்கும் தம்பிகள், அரபு என்று முடிவெடுத்திருந்தால், அந்த 28 எழுத்தை அப்போதே முடித்துவிடலாம்.