ஒன்றரை டன் மின்சார ஃபோர்க்லிஃப்ட், எங்கள் ரேம்பில் நாலு வருஷம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் சமதளமாக ஒரு ஏக்கர் கிடைப்பதே அபூர்வம். எங்கள் ரப்பர் பால் குடோனுக்கும் அதே கதைதான். ரோடு மேலே, குடோன் கீழே, நடுவில் ஒரு கான்கிரீட் ரேம்ப். தோட்டங்களிலிருந்து வரும் பால் மேலே ஜீப்பிலிருந்து இறங்கி கீழே போக வேண்டும். நிரப்பிய பேரல் கீழிருந்து மேலே லாரிக்கு ஏற வேண்டும். பல வருஷம் இதைச் சுமட்டுக்காரர்கள் உருட்டித்தான் செய்தார்கள். ஆள் கிடைப்பது குறைந்த பிறகு, 2020 கடைசியில் 48 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒன்றரை டன் நாலு சக்கர ஃபோர்க்லிஃப்ட் ஒன்றை வாங்கினோம்.

வாங்கும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, "எங்க ஏத்தத்துல ஏறுமா?" விற்றவர் கேட்லாக்கைத் திருப்பிக் காட்டினார். லோடுடன் 15 சதவீதம், லோடு இல்லாமல் 20 சதவீதம் என்று போட்டிருந்தது. "ஒன்றரை டன் தாராளமா ஏத்தலாம் சார்." நானும் நம்பினேன். அவர் சொன்னது பொய் இல்லை. நான் கேட்டதுதான் தப்பான கேள்வி.

முதலில் அந்தச் சதவீதத்தைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதை டிகிரி என்று நினைக்கிறார்கள். கிடையாக 100 அடி போகும்போது 15 அடி உயர்ந்தால் 15 சதவீதம். டிகிரியில் அது எட்டரைதான். வண்டி அந்தச் சரிவில் ஏறும் என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது சில நிமிஷம் மட்டும் மோட்டார் தாங்கும் கணக்கு. காலையிலிருந்து சாயந்திரம்வரை ஐம்பது நடை ஏறலாம் என்றோ, இந்த எடையோடு ஏறினால் கவிழாது என்றோ அதற்கு அர்த்தம் இல்லை.

இன்னொரு எண் வண்டியில் தகடு அடித்து ஒட்டியிருக்கும்: 1500 கிலோ, 500 மி.மீ. லோடின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் (லோடைத் தாங்கும் இரும்பு நாக்குகள்) அடிப்பக்கத்திலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே 1500 கிலோ, அதுவும் சமமான, கெட்டியான தரையில். பேலட்டில், அதாவது சுமை வைக்கும் பலகைத் தட்டில், இரண்டுக்கு இரண்டாக நாலு பேரல் வைத்தால் நடுப்புள்ளி ஏறக்குறைய 600 மி.மீ. போய்விடும். எங்கள் வண்டியில் முன் அச்சிலிருந்து ஃபோர்க் தொடங்கும் இடம்வரை 400 மி.மீ. எனவே 1500-ஐ 900-ஆல் (400+500) பெருக்கி 1000-ஆல் (400+600) வகுத்தால், தூக்கக்கூடியது 1350 கிலோ. ஒரு பேரல் பாலோடு 220 கிலோ, நாலு பேரலும் பேலட்டும் சேர்ந்து 900 சொச்சம். தாராளம்தானே என்று தோன்றும். சமதரையில் தாராளம்தான்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆனி மழை வந்தது.

அன்று வழக்கமாக ஓட்டும் அண்ணன் லீவு. புதிதாக வந்த பையன், மேலிருந்து நாலு பேரலோடு கீழே இறங்கினான். அதில் இரண்டு பேரல் முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. காரை ஓட்டுவதுபோல முன்பக்கம் பார்த்தபடி, லோடு கீழ்நோக்கி இருக்க இறங்கினான். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. பேரலுக்குள் இருந்த பால் நிற்கவில்லை. ஒரே அலையாக முன்னால் மோத, பேலட் நனைந்த ஃபோர்க்கில் வழுக்கி அப்படியே கீழே இறங்கிவிட்டது. ஒரு பேரல் உருண்டு குடோன் கதவில் மோதி மூடி தெறித்தது. செம்மண் சுவரில் வெள்ளையாகப் பால், மழைத் தண்ணீரோடு கலந்து ஓடையில் போகிறது, பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அமோனியாவின் நெடியில் யாராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். "திருப்பினேன் அண்ணே, திரும்பவே இல்ல" என்று மட்டும் சொன்னான்.

திரும்பாததற்குக் காரணம் உண்டு. ஃபோர்க்லிஃப்டில் திரும்புவது பின்சக்கரம். லோடு கீழ்நோக்கி நின்றால் எடையெல்லாம் முன்சக்கரத்துக்கு வந்து பின்பக்கம் லேசாகிவிடும்.

மறுநாள் கொத்தனாரையும் ட்யூப் லெவலையும் வைத்து ரேம்பை அளந்தோம். வாங்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை. மொத்த நீளம் 9 மீட்டர், உயரம் 1.1 மீட்டர், சராசரி 12 சதவீதம். ஆனால் மேலே ரோட்டை ஒட்டிய 2 மீட்டரில் மட்டும் 36 செ.மீ. உயர்கிறது. அது 18 சதவீதம்! பழைய ரோட்டுக்குப் போட்ட ரேம்ப். ரோட்டை உயர்த்தியபோது மேலே ஒட்டுப்போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். கேட்லாக் சொன்ன 15-ஐத் தாண்டித்தான் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறோம். ஏறும்போது ஒரு இடத்தில் மாஸ்டின் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்பக்கச் சட்டம்) அடிப்பாகம் 'கரக்' என்று உரசும். கான்கிரீட்டில் விரல் அகலத்துக்கு இரும்புக் கோடு விழுந்திருந்தது. தினமும் பார்த்த கோடுதான், யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

18 சதவீதம் என்றால் 10 டிகிரிக்கு மேல். எங்கள் மாஸ்ட் பின்பக்கம் 6 டிகிரிதான் சாயும். அதாவது முழுக்கப் பின்னால் சாய்த்து வைத்தாலும், லோடு கீழ்நோக்கி இறங்கும்போது ஃபோர்க் இன்னும் 4 டிகிரி கீழே பார்த்துத்தான் நிற்கிறது. பேலட் வழுக்காமல் என்ன செய்யும்? இதில் உயரமும் சேரும். நாலு பேரலின் நடுப்புள்ளி தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், 18 சதவீதச் சரிவில் அது 12, 13 செ.மீ. முன்னால் தள்ளிப்போனதற்குச் சமம். அதையே 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் 36 செ.மீ. தகட்டை வைத்துக் கணக்கிட்ட 1350 கிலோ அங்கே செல்லாது. அதற்குப் பதில் எவ்வளவு என்று தகடும் சொல்லாது.

அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) விதி, 10 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். நம் ஓட்டுநர் அண்ணன் அந்த விதியைப் படித்தவர் இல்லை. ஆனால் விபத்துக்கு முன்பே அவர் பையனிடம் சொன்னது, "மக்கா, லோடு கீழ பாத்து நிக்கப்பிடாது, கேட்டியா?" வெறும் வண்டிக்கு இது நேர் எதிர். ஃபோர்க் கீழ்நோக்கி இருக்க, ரிவர்ஸில் ஏற வேண்டும். இழுப்பது முன்சக்கரம். காலி வண்டி முன்னோக்கி ஏறினால் எடை பின்னால் போய், ஈரத்தில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எங்கள் முதல் ஜோடி முன்டயர் சீக்கிரம் தேய்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு என்ன மாற்றினோம்? மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் சமயம் பார்த்து மேல் ஒட்டை உடைத்தோம். கீழே குடோன் முற்றத்துக்குள் 2 மீட்டர் நீட்டி, 11 மீட்டருக்கு ஒரே சீராக 10 சதவீதம் ஆக்கினோம். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே மீன்முள் மாதிரி கோடு போட்டு, மேலே குறுக்கே ஒரு ஓடை வைத்து மழைத் தண்ணீரைத் திருப்பிவிட்டோம். நாலு வருஷத்தில் இந்த வண்டிக்குச் செய்த செலவில் உருப்படியானது இதுதான். வண்டியும் லோடும் சேர்ந்து 3.85 டன். பழைய 18 சதவீதத்தில் அதை மேலே இழுக்க மட்டுமே சுமார் 680 கிலோ இழுவிசை வேண்டும். இப்போது 385 போதும். தொடர்ந்து இருபது நடை போனால் முன்பெல்லாம் மோட்டார் சூட்டு விளக்கு எரிந்து வண்டி தானாகவே வேகத்தைக் குறைக்கும். ரேம்ப் மாறிய பிறகு அந்த விளக்கை நான் பார்க்கவில்லை.

சார்ஜ் விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. ஏற்றம்தான் பேட்டரியைக் குடிக்கிறது என்று நம்பியிருந்தேன். கணக்குப் போட்டால் 3.85 டன்னை 1.1 மீட்டர் உயர்த்த 0.01 யூனிட் சொச்சம்தான். வீணாவதைச் சேர்த்து இரண்டு மடங்கு வைத்தாலும் ஐம்பது நடைக்கு ஒரு யூனிட் சுமார். ஆனால் சார்ஜ் குறையக் குறைய வோல்டேஜ் தளர்ந்து, நடு ஏற்றத்தில் வண்டி திணறும். அதனால் 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ரேம்ப் வேலை கிடையாது, குடோனுக்குள் மட்டும்தான்.

சுவரில் இப்போது பெயின்டில் எழுதியிருப்பது இது: காய்ந்த ரேம்பில் நாலு பேரல், எல்லாம் நிறைந்தது, கட்டியது. ஈரத்தில் இரண்டு. அரைகுறைப் பேரல் ரேம்பில் ஏறாது, இறங்காது. ரப்பர் ஷீட் கட்டு என்றால் ஒன்று 50 கிலோ, ஈரமில்லாத நாளில் பதினாறுக்கு மேல் இல்லை, மாஸ்டைத் தாண்டி உயரக்கூடாது. ரேம்பில் திருப்பக்கூடாது, குறுக்கே ஓட்டக்கூடாது, நிறுத்தக்கூடாது. பெடலை விட்டால் எங்கள் வண்டி இரண்டு மூன்று வினாடி பிடித்து நின்று, பிறகு மெல்ல ஊர்ந்து இறங்கும். அதை பிரேக் என்று நம்பிக் கீழே இறங்கி நின்றவரை ஒருமுறை கத்தித்தான் நகர்த்தினோம். இந்த எண்கள் எங்கள் ரேம்புக்கு நாங்களாகக் குறைத்து வைத்துக்கொண்டவை. உங்கள் சரிவின் அளவைச் சொல்லி, அதில் எத்தனை கிலோ என்று வண்டி தயாரித்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

குறை ஒன்று பாக்கி இருக்கிறது. நாள் முழுக்க ரிவர்ஸில் இறங்கி அண்ணனுக்குக் கழுத்து வலி. ரேம்பின் இரு முனையிலும் குவிகண்ணாடி வைத்தோம், பாதிதான் குறைந்தது. பேட்டரி ஆயுள் முடியப்போகிறது. லித்தியம் போடலாம் என்று ஒருவர் வந்தார், விலையும் பரவாயில்லை. தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை போட்டிருப்பதைக் காட்டி, "உங்க பேட்டரி எத்தன கிலோ?" என்று கேட்டேன். ஈய பேட்டரியின் எடையும் சேர்ந்துதான் இந்த வண்டி பின்னால் அழுத்தி நிற்கிறது. லேசான பேட்டரி போட்டால் குறையும் எடைக்கு இரும்பு வைக்க வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை.

போன மாதம் கருங்கல் பக்கம் முந்திரி ஆலை நடத்தும் தெரிந்தவர் ஒருவர் போனில், இதே வண்டியை வாங்கலாமா என்று கேட்டார். ஏற்றம் எத்தனை சதவீதம் என்றேன். "சாதாரண ஏத்தம்தான், என் ஸ்கூட்டர் போவுது" என்றார். கொத்தனாரைக் கூப்பிட்டு ட்யூப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.