குழாய் அட்டவணைக் கைநூலை நம்பிப் பொருள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

குழாய்ப் பணியில் இருக்கும் பொறியாளர்கள், குறிப்பாக வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள், தங்கள் மேசையில் இருக்கும் கைநூலின் 10 அங்குல வரிசையை இன்றே ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்த ஒரு வரிசையை நம்பியதால் எங்கள் பட்டறைக்கு ஐந்து வாரத் தாமதமும் பெரும் பண இழப்பும் ஏற்பட்டன.

திருச்சியை அடுத்த துவாக்குடியில் குழாய் ஸ்பூல்கள் (வெட்டி, வெல்டு செய்து தயாராக்கிய குழாய்த் துண்டுகள்) செய்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் அப்போது வேலை பார்த்தேன். எஃகுக் குழாய் அளவுகளுக்கான அமெரிக்க மூல நியமமான ஏ.எஸ்.எம்.இ. பி36.10எம் எங்களிடம் இல்லை. அதன் விலை சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியாவதில்லை. அதற்கு மாற்றாக, குழாய், ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு), எல்போ (வளைவு இணைப்பு) அளவுகளை எல்லாம் ஒன்றாகத் தொகுத்த ஒரு கைநூலை 1,450 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். வழவழப்பான தாளும் உறுதியான கட்டமைப்பும் கொண்ட நூல் அது. எல்லா அட்டவணைகளும் நடப்பு நியமப்படி சரிபார்க்கப்பட்டவை என்று பின்னட்டையில் எழுதியிருந்தது.

ஓர் உர ஆலைக்கான வேலையில், 10 அங்குலம் ஷெட்யூல் 80 குழாய் 108 மீட்டர் தேவைப்பட்டது. ஷெட்யூல் என்பது குழாயின் சுவர் கனத்தைக் குறிக்கும் எண்; எக்ஸ்.எஸ். (எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்) என்பது கனத்தைக் குறிக்கும் பழைய பெயர். ஸ்டாக்கிஸ்ட் தொலைபேசியில், ஷெட்யூல் 80 கைவசம் இல்லை என்றும் எக்ஸ்.எஸ். உடனே கிடைக்கும் என்றும் சொல்லி, அது போதுமா என்று கேட்டார். நூலைத் திறந்தேன். எக்ஸ்.எஸ்., ஷெட்யூல் 80 இரண்டும் ஒரே பத்தியில், சுவர் கனம் 12.70 மி.மீ. என்று அச்சாகியிருந்தன, அடிக்குறிப்பில், 10 அங்குலம் வரை இரண்டும் ஒன்றே என்றும் இருந்தது. சரி, அனுப்புங்கள் என்றேன். குழாய் வந்தது, டெஸ்ட் சர்டிபிகேட்டில் 12.70 என்றே இருந்தது, நூலிலும் 12.70 என்றே இருந்தது. சந்தேகப்பட எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

பிழையை முதலில் கண்டது நானல்ல, எங்கள் மூத்த ஃபிட்டர். வேறொரு தயாரிப்பாளரிடமிருந்து வந்த ஷெட்யூல் 80 எல்போவை முதல் குழாயோடு பொருத்திப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "சார், வெளிப்பக்கம் சரியா உக்காருது, உள்ள பாருங்க, படி மாதிரி நிக்குது" என்றார். "எல்போ தப்பா வந்திருக்குமோ அண்ணே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேர்னியர் அளவுகோலை என் கையில் கொடுத்தார். எல்போவின் கனம் 15 மி.மீ.க்குச் சற்று மேல், குழாயின் கனம் 12.6. எங்கள் வெல்டிங் நடைமுறை ஏட்டில் உள்விளிம்பு விலகலுக்கு அனுமதி 1.5 மி.மீ. மட்டுமே. அதற்குள் 40 மீட்டர் குழாயை வெட்டி முனை சாய்த்து முடித்திருந்தோம்.

உண்மை என்னவென்றால், எக்ஸ்.எஸ். கனமும் ஷெட்யூல் 80 கனமும் 8 அங்குலம் வரைதான் ஒன்றாக இருக்கும். 10 அங்குலத்தில் எக்ஸ்.எஸ். 12.70 மி.மீ., ஷெட்யூல் 80 15.09 மி.மீ. என்று பிரிந்துவிடுகின்றன. எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு), ஷெட்யூல் 40 இணைதான் 10 அங்குலம் வரை ஒத்துப்போகிறது; 12 அங்குலத்தில் அவையும் 9.53, 10.31 என்று பிரிகின்றன. முன்பு குழாய்களுக்கு எஸ்.டி.டி., எக்ஸ்.எஸ்., எக்ஸ்.எக்ஸ்.எஸ். (டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்) என்ற கன வகைகளே வழக்கில் இருந்தன. பின்னர் அமெரிக்க நியமம் ஷெட்யூல் எண்களைக் கொண்டுவந்தபோது, சிறிய அளவுகளில் பழைய கனங்களோடு அவை பொருந்தும்படி அமைந்தன; பெரிய அளவுகளில் அந்தப் பொருத்தம் தொடரவில்லை. நூலைத் தொகுத்தவர் இரண்டு எல்லைகளையும் ஒன்றாக்கிவிட்டார்.

2.39 மி.மீ. பெரிய வேறுபாடா என்று கேட்பவர்களுக்கு அந்தக் குழாய்வழியின் கணக்கையே சொல்கிறேன். அரிப்புக்கான கூடுதல் கனத்தையும் சேர்த்து அதற்குத் தேவைப்பட்ட குறைந்தபட்சக் கனம் 12.1 மி.மீ. குழாய் உற்பத்தி ஆலையிலிருந்து வரும் குழாயில் 12.5 விழுக்காடு வரை கனம் குறையலாம் என்பதைக் கழித்தால், 15.09 மி.மீ. குழாயில் 13.20 உறுதியாக மிஞ்சும், 12.70 மி.மீ. குழாயிலோ 11.11 மட்டுமே மிஞ்சும். எல்போக்களும் அதே ஸ்டாக்கிஸ்டிடமிருந்து எக்ஸ்.எஸ். வகையிலேயே வந்திருந்தால் உள்ளே படி தெரிந்திருக்காது, அந்தக் குழாய் அப்படியே ஆலைக்குப் போயிருக்கவும் கூடும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

ஸ்டாக்கிஸ்ட் வெட்டாத குழாய்களை விலையில் கழிவு பிடித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார்; வெட்டியவை எங்களிடமே தங்கின. அவர் மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, அவர் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். குறையெல்லாம் நூலை வெளியிட்டவர்கள் மீதுதான். பக்க எண்ணோடும் சரியான அளவுகளோடும் அவர்களுக்கு எழுதினேன். பிழையால் நேரும் எந்த இழப்புக்கும் தாங்கள் பொறுப்பல்ல என்று முன்னுரையிலேயே குறிப்பிட்டிருப்பதாக மூன்று வரியில் பதில் வந்தது. நான் கேட்டது இழப்பீடு அல்ல. அந்த நூலை வாங்கிய மற்றவர்களுக்கு ஒரு பிழைதிருத்தத் தாளாவது அனுப்புங்கள் என்றுதான் கேட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, முழுமையாகத் திருத்தப்பட்டது என்ற அறிவிப்போடு 1,900 ரூபாய்க்கு அடுத்த பதிப்பு வந்தது. வாங்கிப் பார்த்தேன். அட்டை மாறியிருந்தது, அந்த வரிசையும் அடிக்குறிப்பும் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தன. தெரிந்த பிழையை மறைத்து இரண்டாம் முறை விற்பதை ஏமாற்று என்றே சொல்வேன்.

இன்னொரு வெளியீட்டாளரின் கைநூலிலும் அதே அடிக்குறிப்பைப் பார்த்தேன். ஆகவே இரண்டு நூல்களை ஒப்பிட்டுவிட்டால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது புதிய நோயும் அல்ல. ஆத்ரியான் விளாக் 1628இல் வெளியிட்ட மடக்கை அட்டவணையின் பிழைகள், பின்னால் வந்த பல அட்டவணைகளில், சீனத்தில் அச்சான ஒன்றிலும்கூட, அப்படியே இருந்ததை 1827இல் சார்லஸ் பாபேஜ் எடுத்துக்காட்டினார். ஒன்றைப் பார்த்து எழுதப்பட்ட பத்து நூல்கள் சேர்ந்து சொன்னாலும் அது ஒரே ஒருவரின் சாட்சிதான்.

அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகளை அந்த நூலுக்கே ஒதுக்கினேன். 6 அங்குலம் கிளாஸ் 300 (கிளாஸ் என்பது அழுத்த வகுப்பு) ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம் 269.9 மி.மீ.; நூலில் இலக்கம் இடம் மாறி 296.9 என்று இருந்தது. ஃபிளாஞ்சின் வெளிவிட்டம் 320 என்பதால், 22 மி.மீ. துளை போட்டால் விளிம்பில் அரை மி.மீ.தான் மிஞ்சும். வரைந்து பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால் இது யாரையும் கெடுக்காது. அமைதியாக இருக்கும் பிழைகளே ஆபத்தானவை. 150 என்பி (பெயரளவு விட்டம் 150 மி.மீ., அதாவது 6 அங்குலம்) குழாயின் வெளிவிட்டம் இந்திய நியமமான ஐ.எஸ். 1239இல் 165.1 மி.மீ., அமெரிக்க நியமத்தில் 168.3 மி.மீ.; நூலோ ஐ.எஸ். தலைப்பின் கீழேயே 168.3 என்று போட்டிருந்தது. ஏ105 என்ற எஃகு வகையில் செய்த கிளாஸ் 150 ஃபிளாஞ்சுக்கு 19.6 பார் என்று மட்டும் கொடுத்து, அது 38 பாகை செல்சியஸ் வரைக்கும்தான், 200 பாகையில் 13.8 பாராக இறங்கிவிடும் என்பதை விட்டிருந்தது. ஏ106 கிரேடு பி எஃகுக் குழாய்க்கு ஆலைக் குழாய்களுக்கான பி31.3 நியமம் தரும் 138 மெகாபாஸ்கல் அனுமதித் தகைவை, 118 என்றே இருக்க வேண்டிய மின்நிலையக் குழாய்களுக்கான பி31.1 பகுதியிலும் அச்சிட்டிருந்தது.

எங்கள் 10 அங்குலப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி அதே வரிசையில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். எஃகுக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, மீண்டும் 0.02466ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 273 மி.மீ. விட்டத்துக்கு 12.70 கனத்தில் 81.5 கிலோ வரும், 15.09 கனத்தில் 96 கிலோ வரும். நூலில் கனம் 12.70, எடை 95.97. கனத்தை எக்ஸ்.எஸ். குழாயிலிருந்தும் எடையை ஷெட்யூல் 80 குழாயிலிருந்தும் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். லாரியின் எடைமேடைச் சீட்டிலும் இது தெரிந்திருக்கும்: 108 மீட்டருக்கு 10.4 டன் வந்திருக்க வேண்டிய இடத்தில் 8.8 டன்தான் இருந்தது. அந்தச் சீட்டை நான் அப்போது பார்க்கவே இல்லை.

பிழை ஒரு நூலோடு நிற்கவில்லை என்பதால் பெயரை எழுதவில்லை. கடையில் கைநூல் வாங்கும்போது 10 அங்குல வரிசையைத் திறந்து பாருங்கள். எக்ஸ்.எஸ்., ஷெட்யூல் 80 இரண்டும் ஒரே பத்தியில் இருந்தாலோ, 12.70க்கு எதிரே 96 கிலோ என்று எடை இருந்தாலோ, அந்த நூலை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்று அனுப்பவிருக்கும் கொள்முதல் ஆணையில் ஷெட்யூல் எண்ணோடு சுவர் கனத்தையும் மி.மீ.யில் எழுதி, அந்தக் கனத்தை வாடிக்கையாளரின் வரைபடத்திலிருந்து எடுங்கள்.