முற்றத்தோடு நின்றுபோகும் அவசர வழி: வீட்டை விடுதியாக்குவோர் கவனத்திற்கு

புதுச்சேரியில் தமிழர் பகுதியிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாகவும், அதன் பின்முற்றத்தைத் திறந்தவெளி உணவகமாகவும் மாற்ற விரும்பி, ஒரு வடிவமைப்பு நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்தோம். தீப்பிடித்தால் விருந்தினர் வெளியேறும் வழிகளை வரைந்து தருவதற்கென்றே தனிக் கட்டணம் பெற்றுக்கொண்ட அந்நிறுவனம், அவர்களுடைய உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு வரைபடத்தைக் கொடுத்தது.

பார்வைக்கு அது நேர்த்தியாகவே இருந்தது. மாடி அறைகளிலிருந்து கிளம்பிய பச்சை அம்புக்குறிகள் சுழல் படிக்கட்டில் இறங்கி, சமையலறையை ஒட்டிச் சென்று, பின்முற்றத்தில் முடிந்தன. அங்கே ‘பாதுகாப்பாகக் கூடும் இடம்’ என்று குறித்திருந்தார்கள். ஆனால் அம்முற்றத்தின் மூன்று பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டிய மதில். நான்காவது பக்கம், தீப்பற்றியதாகக் கருதப்படும் அதே வீடு. அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நெருக்கமாக நிற்கும் நம் தெருக்களில், மேலே வானம் தெரிகிறது என்பதாலேயே ஓரிடம் வெளியிடமாகிவிடாது. வெளியேறும் வழி என்பது தடையின்றித் தெருவில் சென்று சேர வேண்டும். இங்கோ, உணவருந்த வந்தவர்களும் மாடியிலிருந்து இறங்கியவர்களும் மேசை நாற்காலிகளுக்கு நடுவே, புகை சூழ அடைபட்டு நிற்க நேரிடும். எரிவாயு சிலிண்டர்களுக்கும் அதே முற்றத்தின் மூலையிலேயே இடம் ஒதுக்கியிருந்ததைக் கண்டபோது எனக்கு நெஞ்சு பதறியது.

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர்தான் இக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்காம் பகுதி முழுவதும் தீப்பாதுகாப்பு பற்றியதே. வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையதாக, வெளிப்புறமாகத் திறப்பதாக, உள்ளே இருப்பவர் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. முற்றத்துக்குச் செல்ல இவர்கள் வரைந்திருந்ததோ பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு. அத்தகைய கதவை வெளியேறும் வழியில் வைக்கவே கூடாது.

மொட்டைமாடியில் ‘மரபுத் தோற்றத்துக்காக’ கீற்றுக் கொட்டகை போடவும் பரிந்துரைத்திருந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்திலும், அதே ஆண்டு ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணத்துப் பள்ளியிலும் எரிந்தது கீற்றுக் கூரைதான். இதைத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கட்டடத் தொழில் செய்பவர் எவரும் மறக்கலாகாது.

திருத்தித் தருமாறு கேட்டதற்கு, அது புதிய பணி என்று சொல்லி மேலும் பணம் கேட்டார்கள். தீயணைப்புத் துறையின் சான்றைத் தாங்களே ‘பேசி’ வாங்கித் தருவதாகவும், அதற்குமேல் நாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் கூறினார்கள். மறுத்தபின் எங்கள் அழைப்புகளையே எடுக்கவில்லை. தம்மைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டு வரைபடத்தில் கையொப்பமிட்டவர், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு பெற்றவரே அல்லர் என்பது பின்னர் தெரியவந்தது. மன்றத்தின் இணையதளத்திலேயே பெயரைச் சரிபார்க்க முடியும் என்பதால், முன்பணம் கொடுக்குமுன் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலிருந்தும் தெரு வரை நடந்து பார்த்துவிட்டு, அதன்பின் மீதித் தொகையைக் கொடுங்கள்.

எங்கள் பின்மதிலுக்கு அப்பால் பொதுச் சந்து ஒன்று இருக்கிறது. முதல் வரைபடத்தில் அது குறிக்கப்படவே இல்லை. இடத்தை அளந்து பார்த்திருந்தால் தவறியிருக்காது. இப்போது பதிவு பெற்ற ஒருவர் அந்தச் சந்துக்கு மதிலில் கதவு திறந்து, சுழல் படிக்கட்டுக்குப் பதிலாக நேர்ப் படிக்கட்டு அமைத்து, சிலிண்டர்களை வழியிலிருந்து விலக்கிப் புதிதாக வரைந்து வருகிறார். கொடுத்த கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்காக நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளித்துள்ளோம்.